நாளுக்கு முன்னரே ஆயத்தமான கப்பல்

எங்கள் பணிமனையை ஒட்டிய தேநீர்க் கடையில் இந்த நிகழ்ச்சி இப்போது மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. அதிகாரி தம் உறவினரின் உல்லாசப் பயணத்துக்காகக் கப்பலைத் திருப்பிவிட்டார் என்பது ஒன்று. புறப்பட்ட கப்பலை நடுக்கடலிலிருந்து மீட்டழைத்தார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதில், எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கும் எங்கள் பிட்டரின் தாயார் கப்பலை எதிர்பார்த்தே உயிர் விடுகிறார். மூன்றும் உண்மையல்ல. எவரைப் பற்றிய கதையோ அந்தப் பிட்டரும் அதே கடையில் தேநீர் குடிப்பவர். இப்போது குவளையை எடுத்துக்கொண்டு சாலையின் மறுபுறம் போய் நின்று குடிக்கிறார். ஆகவே, நான் கண்ணால் கண்டதையும், உரியவர் என் காதுபடச் சொன்னதையும், பிறர் சொன்னவற்றுள் இருவரேனும் ஒத்துரைத்ததையும் மட்டுமே எழுதுகிறேன். பேச்சுகளிலும், நினைவில் சொல் மாறாமல் நிற்பவற்றையே தருகிறேன். இதனால் சில இடங்களில் வரலாறு குறைபட்டுத் தோன்றும். குறைபட்டே இருக்கட்டும்.

தீவுகளுக்கிடையே ஓடும் சிறு கப்பல்களைப் பழுதுபார்ப்பது எங்கள் பணிமனை. போர்ட் பிளேர்த் துறைமுகத்தின் ஓரத்தில் இருக்கிறது. நான் அங்கே ஸ்டோரில் எழுத்தர். உதிரிபாகங்களை வாங்கி அடுக்குவதும், கேட்பவர்க்கு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. டிசம்பர் பிறந்ததும் பணிமனை இளைக்கத் தொடங்கும். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பை ஒருசேர எடுத்துக்கொண்டு சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கொல்கத்தாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். பொங்கல் கழிந்துதான் அவர்களை மறுபடி பார்க்கலாம். ராஞ்சிக்காரர்களும் நிக்கோபாரிகளும் கிறிஸ்துமஸுக்குப் போவார்கள். எஞ்சி நிற்பவர்கள், போவதற்கு ஊர் இல்லாதவர்களும் ஊர் இருந்தும் கப்பல் கிடைக்காதவர்களும். பெற்றோர் மறைந்தபின் திருநெல்வேலிப் பக்கம் எனக்கு யாருமில்லை. இங்கேயே புரோத்ராபூரில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். பிட்டருக்கு ஊர் இருந்தது.

ஆளற்ற பணிமனையில் வேலை நன்றாக ஓடும் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு டிசம்பரைக் கழித்திருக்க மாட்டார்கள். காலையில் ஓடத்தான் செய்யும். குறுக்கிடுபவர் இல்லை, தொலைபேசி ஒலிப்பதில்லை. முற்பகலுக்குள் ஒரு கையொப்பம் தேவைப்படும். அதை இடவேண்டியவர் விடுப்பில் இருப்பார். பேரிங் எனப்படும் ஓர் உருளைத்தாங்கி தேவைப்படும். அதை விற்பவர் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறியிருப்பார். அதன்பின் செய்யக்கூடிய சில்லறை வேலைகளைத் தேடித் தேடிச் செய்துகொண்டிருப்போம். ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்து, துறைமுக விளக்குகள் எரியத் தொடங்கிவிடும்.

பிட்டர் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில், ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கச்சாலில் குடியேற்றப்பட்ட குடும்பம் அவருடையது. தாயார் சிறுமியாக அங்கே வந்திறங்கி, கைகளில் வலு இருந்தவரை ரப்பர் மரம் சீவியவர். தகப்பனார் கடல் பொங்கி ஏறிய ஆண்டில் போய்விட்டார். போர்ட் பிளேரில் மகனுக்கு மரைன் ஹில்லில் அரசுக் குடியிருப்பு கிடைத்தபின்னும், தாயார் லயத்தை விட்டு வரவில்லை. 'எனக்கு அங்க யாரத் தெரியும்' என்பார் என்று பிட்டர் சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சி நடந்த டிசம்பரின் தொடக்கத்தில் தாயாரின் வலது பாதத்தில் ஒரு புண் இருந்தது. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். அங்கிருந்த சுகாதார நிலையத்தில் மருந்து வைத்துக் கட்டினார்கள், ஆறவில்லை. அவசர நோயாளிகளைத் தூக்கிவரும் ஹெலிகாப்டரில் இடம் கேட்டபோது, இது அவசரம் என்னும் வகையில் வராது, கப்பலில் கூட்டிப் போகலாம் என்று சொன்னார்களாம். அடுத்த வீட்டுப் பெண் தொலைபேசியில் தெரிவித்ததை, ஸ்டோர் வாசலில் நின்று பிட்டர் என்னிடம் சொன்னார்.

"விரலுக்குக் கீழ கறுத்துக்கிட்டு வருதாம் அண்ணே. அதுக்கு நோவு தெரியலயாம். நோவு இல்லாட்டி நல்லதுதானேன்னு கேக்குது அம்மா. என்னான்னு சொல்றது?"

"நீ போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடு தம்பி."

"எதுல போக?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நிக்கோபார்த் தீவுகளுக்குப் போகும் கப்பல்களில் ஒன்று கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புபவர்களால் நிறைந்துவிட்டது. மற்றொன்று எங்கள் பணிமனையில், ஓர் எஞ்சின் பிரித்துப் போடப்பட்ட நிலையில், கரையோடு கட்டப்பட்டிருந்தது. அதன் பழுதுபார்ப்புக்குப் பொறுப்பான பிட்டர் அவரேதான். அந்த எஞ்சினைச் சேர்த்து முடித்தால் கப்பல் புத்தாண்டுக்கு மறுவாரம் கச்சாலுக்குப் போகும் என்பது திட்டம். அவர் அதில் போய்த் தாயாரை ஏற்றிக்கொண்டு அதிலேயே திரும்பலாம். முடிக்காவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

எனவே விடுமுறைக் காலத்தில் உழைப்பது அவருக்கு வேறு பொருளுடையதாயிற்று. நாங்கள் வேலை பார்த்தது பொழுது போவதற்காக. அவர் வேலை பார்த்தது ஒரு பாதத்துக்காக.

புதிதாக வந்திருந்த எங்கள் அதிகாரிக்கு இது தெரியாது. அவர் சென்னைப் பக்கத்துக்காரர், வேலையில் விருப்பமுள்ளவர். எஞ்சியிருந்த எங்களை ஒருநாள் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஊரே லீவுல இருக்கு. நீங்க மட்டும் இருக்கீங்க. இதத் தண்டனையா நினைக்காதீங்க, சான்ஸா நினைங்க. தினம் சாயங்காலம் எவ்வளவு வேலை முடிஞ்சதுன்னு எனக்கு வாட்ஸப்ல வந்துடணும். வருஷம் முடியறப்ப நம்ம யார்டுல ஒரு பெண்டிங்கும் இருக்கக் கூடாது."

எங்கள் வெல்டர் பின்வரிசையில் இருந்தபடியே, "சாப், அப்ப எங்க சுட்டியும் பெண்டிங்ல இல்லாம குடுத்துருங்க" என்றார். தீவில் விடுப்பைச் சுட்டி என்பார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். வெல்டரின் முன்னோர் இராமநாதபுரத்துக்காரர்கள். அவர் தீவிலேயே பிறந்து, மெயின்லேண்டைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டவர். பிட்டரைக் 'கச்சாலு' என்றும் என்னைப் 'புலவரே' என்றும் அழைப்பார். இரண்டிலும் கேலி உண்டு, பகை இல்லை.

இங்கே எங்கள் பணிமனை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழுது முழுவதும் தீர்ந்தபின்னும், கப்பல் புறப்படவேண்டிய நாளுக்கு முந்தைய நாள்வரை எஞ்சினின் ஏதேனும் ஒரு மூடியைக் கழற்றியே வைத்திருப்பார்கள். டக்கன் என்னும் இந்திச் சொல்லே மூடிக்கு அங்கே வழங்கும். 'டக்கன் தொறந்திருக்கு' என்றால் கப்பல் இன்னும் எங்களுடையது என்று பொருள். ஆயத்தமாய் நிற்கும் கப்பலை எந்த வழித்தடத்துக்கும் எவரும் கேட்கலாம். மூடி திறந்து கிடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். இது சோம்பலுக்காக ஏற்பட்ட வழக்கமன்று. தொலைதூரத் தீவுகளுக்கான கப்பல்கள் அருகிலுள்ள தேவைகளுக்குப் பறிபோவதைப் பலமுறை பார்த்தவர்கள் கண்டுபிடித்த தற்காப்பு. புதிய அதிகாரிக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதிகாரிகளுக்குச் சொல்லப்படுவதுமில்லை.

பிட்டர் உழைத்த விதத்தை நான் அருகிருந்து பார்த்தேன். உதவியாளர்கள் ராஞ்சிக்குப் போய்விட்டதால், விளக்கைப் பிடிப்பதற்கும் பாகங்களை எடுத்துக் கொடுப்பதற்கும் நானே கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினேன். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றை முடித்துவிட்டே நீர் குடிப்பார். கிடைக்காத பாகத்துக்காக நின்றுவிடாமல், அது வரும்வரை செய்யத்தக்க மற்றொன்றைக் கையில் எடுப்பார். கிறிஸ்துமஸ் நாளன்று துறைமுகத்துக்கு எதிரேயிருந்த வீடுகளிலிருந்து பாட்டும் கேக் மணமும் வந்துகொண்டிருந்தன. வெல்டர் பக்கத்து வீட்டில் கொடுத்த கேக்கை ஒரு தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து கப்பலுக்குள் நீட்டினார்.

"ஏ கச்சாலு, ஏசு பொறந்துட்டாரு. மேல வந்து வாயத் தொற."

"அங்கயே வைங்க அண்ணே, கையெல்லாம் கிரீஸு."

"நான் ஊட்டி விடணுமாக்கும்? பாத்தீங்களா புலவரே, பெண்டாட்டின்னு ஒருத்தி வந்தாகூட இவனுக்கு இத்தன சேவை செய்ய மாட்டா."

பிட்டர் சிரித்தார். அந்தக் காலப்பகுதியில் அவர் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு முறைதான்.

ஆண்டிறுதி நெருங்கியபோது எஞ்சினின் தலைமூடி ஒன்றைப் பூட்டுவதைத் தவிர வேலை தீர்ந்துவிட்டது. புறப்பாட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. வழக்கப்படி மூடியைத் திறந்தே வைத்திருக்கலாம். ஆனால் கப்பலைச் சோதித்துச் சான்றளிக்கவேண்டிய சர்வேயர் மறுநாள் விடுப்பில் புறப்படுவதாகத் தெரிந்தது. பொங்கலுக்குப் பிறகே திரும்புவாராம். அவர் போவதற்குமுன் மூடியைப் பூட்டி எஞ்சினை ஓட்டிக் காட்டாவிட்டால், கச்சால் பயணம் அவர் வரும்வரை காத்திருக்கும்.

பிட்டர் மூடியைப் பூட்டினார். சர்வேயர் வந்து எஞ்சினை ஓட்டச் சொல்லிக் கேட்டார், திருப்தியுற்றார், ஏனைய மூடிகளையும் தட்டிப் பார்த்துச் சாயக்குறி இட்டுவிட்டுப் போனார். அவருடைய வண்டி வாயிலைத் தாண்டியதும் வெல்டர் கேலியில்லாத குரலில் பேசினார்.

"இந்தா பாரு, பரீட்சை பாஸாயிட்ட. இப்பவே திரும்பத் தொற. கிளம்புறதுக்கு மொத நாளு பூட்டிக்கலாம்."

"தொறக்க ஏலாது அண்ணே."

"ஏன் ஏலாது? கை இல்லயா?"

"கேஸ்கெட் இதான் கடைசி. இறுக்கினதைக் கழட்டுனா அது போயிரும். வேற ஸ்டோர்ல இல்ல. இவங்ககிட்டயே கேளுங்க."

வெல்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே வைக்கும் அந்த அடைப்புத் தகட்டை நாங்கள் கொல்கத்தாவிலிருந்து வரவழைப்போம். கேட்டு எழுதியிருந்தோம்; விற்பவர் விடுமுறை முடிந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சாயக்குறியிட்ட மற்ற மூடிகளில் கைவைத்தால் சான்று செல்லாது.

"அப்ப ஒண்ணு செய்யி. சாப்புக்கு மெசேஜ் போடாத. ரெண்டு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரு."

பிட்டர் அந்த யோசனையை ஏற்கவில்லை. அன்று மாலை அதிகாரிக்கு, எஞ்சின் முடிந்தது, சோதனை முடிந்தது என்று அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்பதை மறுநாள் அவரே என்னிடம் சொன்னார். கப்பல் ஆயத்தம் என்ற செய்தி மேலே போனால்தான் பயண நாளை அறிவிப்பார்கள். அறிவித்தால்தான் பயணச்சீட்டுக் கவுண்டரைத் திறப்பார்கள். திரும்பும் வழியில் தாயாருக்குப் படுக்கையுள்ள இடம் வேண்டும். எனக்கு அது அன்றும் தக்க காரணமாகப் பட்டது. இன்றும் அப்படியே படுகிறது.

அதிகாரி வாழ்த்துச் செய்தியும், கட்டைவிரல் உயர்த்திய படமும் அனுப்பினார்.

புத்தாண்டுக்காகச் சுற்றுலாப் பயணிகள் தீவில் நிறைந்திருந்த நாள்கள் அவை. அவர்கள் விரும்பிப் போகும் ஹேவ்லாக் தீவின் வழித்தடத்தில் ஓடிய அரசுப் படகு ஒன்று பழுதாயிற்று. படகுத்துறையில் கூட்டம் தேங்கியது. நான் வேலைக்கு வரும் வழியில் அதைப் பார்த்தேன். குழந்தைகளும் முதியவர்களும் பெட்டிகளின்மேல் அமர்ந்திருந்தார்கள். ஒரு முதியவரின் மடியில் மருந்துப்பை இருந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அன்று முற்பகலில், ஆயத்தமாய் நின்ற ஒரே கப்பலான எங்கள் கப்பலை அந்த வழித்தடத்துக்கு மாற்றும் ஆணை வந்தது. நிக்கோபார்ப் பயணம் பின்னர் அறிவிக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

பிட்டர் அதிகாரியின் அறைக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"சார், இது கச்சாலுக்குப் போற கப்பலு."

"தெரியும்பா. நான் கேக்கல, மேலேருந்து சொல்லிட்டாங்க. ரெடியா இருக்கிற வெசல் எதுன்னு கேட்டாங்க, லிஸ்ட்ல இது ஒண்ணுதான் இருந்தது."

"எங்கம்மாவுக்குக் காலு அழுகுது சார்."

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "இத ஏம்பா என்கிட்ட மொதல்லயே சொல்லல?"

பிட்டர் தரையைப் பார்த்தார். "சொன்னா வேலை சீக்கிரம் முடிஞ்சிருமா சார்?"

இதைக் குத்தலாகச் சொன்னார் என்று கடையில் பேசுகிறார்கள். நான் அருகில் நின்றேன். குத்தல் இல்லை, அவர் உண்மையாகவே கேட்டார். அதிகாரி என் முன்னிலையிலேயே ஹெலிகாப்டருக்காகத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் இருந்தவர் மருத்துவர் பரிந்துரை வேண்டும் என்றார். பரிந்துரைக்கவேண்டிய மருத்துவர் விடுப்பில் இருந்தார். மறுநாளும் பேசினார். அதற்குமேல் அவரால் ஒன்றும் இயலவில்லை.

கப்பல் எங்கள் கரையிலிருந்து புறப்பட்டபோது எஞ்சின் குறையின்றி ஓடியது. பிட்டர் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெல்டர் எப்போதும் ஏதாவது சொல்பவர். அன்று தம் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் சில நாள் செய்வதற்கு வேலையே இல்லை. நிலுவை ஏதுமின்றி ஆண்டு முடிந்துவிட்டது. பிட்டர் முன்போலவே நேரத்துக்கு வந்தார். ஏற்கெனவே துடைத்த கருவிகளை மறுபடியும் துடைத்தார். அடுத்த வீட்டுப் பெண்ணின் அழைப்பு வரும்போது பட்டறைக்கு வெளியே போவார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்து எதையும் அறிய முடியாது. ஒருமுறை மட்டும், "கணுக்கால் வரைக்கும் வந்துருச்சாம்" என்றார். பொங்கலன்று நான் வீட்டிலிருந்து பொங்கல் கொண்டுவந்தேன். அவரும் வெல்டரும் நானும் கப்பல் இல்லாத கரையில் அமர்ந்து உண்டோம். இனிப்பு அதிகம் என்று வெல்டர் குறை சொன்னார். பிட்டர் தம் பங்கை மிச்சமின்றி உண்டார்.

பொங்கலுக்குப் பின் கிறிஸ்துமஸ் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவரப் புறப்பட்ட மற்றக் கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் கடலில் இருந்தபோது பணிமனையில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. விடுமுறைக் காலத்திலும் அயராது பணியாற்றியமைக்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வழங்கினார்கள். அவருக்காக நான் பெற்றுக்கொண்டேன். பின்னர் கொடுத்தபோது, "சரிங்க அண்ணே" என்று வாங்கிக் கருவிப்பெட்டிக்குள் வைத்தார். இப்போதும் அங்கே இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

தாயார் தூக்குப்படுக்கையில் வந்திறங்கினார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் பிட்டருடன் இருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை என்று மருத்துவர் இந்தியில் சொன்னார். முன்னமே கொண்டுவந்திருந்தால் என்று பிட்டர் கேட்டார். அதை இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிட்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மருத்துவரும் அதே விடையைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலை எடுத்தார்கள். தாயார் இப்போது மரைன் ஹில் குடியிருப்பில் இருக்கிறார். வீடு மேட்டின்மேல், படிகள் செங்குத்தானவை. ஏற்றிக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் கீழே இறங்கியதில்லை. நான் பார்க்கப் போனபோது சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து துறைமுகம் தெரியும்.

"இந்தக் கப்பலெல்லாம் எங்க ஊருக்குப் போறதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"சில போகும் அம்மா."

"மவன்கிட்ட சொல்லுங்க. என்னைய லயத்துலயே கொண்டுபோய் விட்டுறச் சொல்லுங்க. இங்க சும்மா ஒக்காந்து கெடக்க எனக்கு ஏலாது. சும்மா இருந்து பழக்கமில்ல."

பிட்டர் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார், வெளியே வரவில்லை. லயத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. மகன் வேலையை விட்டுப் போனால் இருவருக்கும் சோறில்லை. அவர் வேலைக்கு வந்தால், தாயார் மாலைவரை சன்னலோரம் தனியே இருக்கிறார்.

அடுத்த டிசம்பரும் வந்தது. விடுப்பு எடுப்பவர்கள் எடுத்தார்கள். எடுக்காதவர்களில் பிட்டரும் இருந்தார். கரையில் வேறொரு கப்பல் கட்டப்பட்டிருந்தது. அவர் அதே வேகத்தில் வேலை செய்தார், அதே ஒழுங்கில் முடித்தார். மூடியைத் திறந்து வைப்பதில்லையா என்று வெல்டர் கேட்டபோது, "எந்தக் கப்பலுக்கு அண்ணே?" என்றார். கச்சாலில் இப்போது அவருக்காகக் காத்திருப்பவர் எவருமில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. கப்பலை மாற்றச் சொன்னவர் யார் என்பதை என்னால் அறிய முடியவில்லை. ஆணையில் பதவி இருந்தது, முடிவெடுத்தவர் அவர்தானா என்பது தெரியவில்லை. செய்தியை இரண்டு நாள் தாமதித்து அனுப்பியிருந்தால் கப்பல் எங்களிடமே நின்றிருக்குமா என்பது தெரியாது. நின்று, குறித்த நாளில் கச்சாலுக்குப் போய்த் தாயாரைக் கொண்டுவந்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்குமா என்பதும் தெரியாது. தாயார் இனிக் கச்சாலைப் பார்ப்பாரா என்று பிட்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.